மாலைப் பொழுதும் சிந்தனைச் சரித்திரமும்

(பாவூர்சத்திரத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பகலெல்லாம் ஓர் உத்தியோகத்தைப் பார்த்துக்கொண்டு, மாலையிலும் விடுமுறையிலும் கிடைக்கின்ற அவகாசத்தைக் கொண்டே சிந்தனைச் சரித்திரம் என்னும் துறையில் முதுகலைப் படிப்பையும் அதற்கு மேற்பட்ட ஆராய்ச்சியையும் ஒருவர் செய்யக்கூடுமா என்பது இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம். காமராஜர் பெயரைத் தாங்கிய தினசரி மார்க்கெட்டில் கத்தரிக்காயும் வெண்டைக்காயும் ஏலம் போகின்ற ஊரிலே இதற்கு என்ன பிரயோஜனம் என்று சிலர் நினைக்கலாம். ஆயினும், பள்ளி ஆசிரியராகவும், வங்கி ஊழியராகவும், கமிஷன் கடையிலே கணக்கு எழுதுபவராகவும் இருந்துகொண்டு தபால் வழியாக எம்.ஏ. படித்தவர்கள் இந்தச் சபையிலேயே பலர் இருப்பீர்கள் என்பதால், சென்னையில் பேசுவதைவிட இங்கே பேசுவதுதான் பொருத்தம் என்று எனக்குத் தோன்றியது.

முதலில் விஷயத்தைச் சற்றுத் தெளிவுபடுத்திக்கொள்வோம். மன்னர்கள் பட்டத்துக்கு வந்த ஆண்டும், போரிலே வென்ற ஆண்டும், மாண்ட ஆண்டும் நிரம்பிய சரித்திரத்தை நாம் பள்ளியில் படித்துப் பரீட்சையோடு மறந்தோம். மனிதர்களுடைய எண்ணங்கள் எப்படித் தோன்றின, யாரோடு வாதாடி வளர்ந்தன, எந்தச் சூழ்நிலையிலே செல்வாக்குப் பெற்றன, எப்பொழுது ஒருவரும் மறுக்காமலே உதிர்ந்துபோயின என்று ஆராய்கின்ற சரித்திரம் வேறொன்று உண்டு. தென்காசிக் கோயிலைப் பராக்கிரம பாண்டியன் 1446-இல் எடுக்கத் தொடங்கினான் என்பது அரசியல் சரித்திரம். கோபுரத்தின் அளவையும் தூண்களின் சிற்பத்தையும் சொல்வது கலைச் சரித்திரம். மதுரையை இழந்து தெற்கே ஒதுங்கிய ஒரு பாண்டியக் கிளையைச் சேர்ந்த அரசன் ஏன் காசியையே தன் நாட்டிலே அமைக்க விரும்பினான், பிற்காலத்தில் இக்கோயிலுக்கு ஏதேனும் குறை நேர்ந்தால் அதை நீக்கிக் காப்பவர்களை இப்பொழுதே பணிகிறேன் என்று கல்லிலே பாட்டாக எழுதிவைக்கும்படி அவனைத் தூண்டியது எது, அரச அதிகாரத்தைப் பற்றியும் காலத்தின் அழிவைப் பற்றியும் அவன் என்ன கருதியிருந்தான் என்று கேட்கின்றவனே சிந்தனைச் சரித்திரக்காரன். கல்வெட்டு மூவருக்கும் ஒன்றே, கேள்விதான் வேறு.

மேனாட்டிலே இது ஒரு தனித் துறையாக வடிவெடுத்தது சென்ற நூற்றாண்டில்தான். அமெரிக்காவில் ஆர்தர் லவ்ஜாய், உலகத்துப் பொருள்கள் எல்லாம் மேலிருந்து கீழாக ஒரே சங்கிலியிலே கோக்கப்பட்டிருக்கின்றன என்னும் ஒரேயொரு கருத்தைப் பிளேட்டோவிலிருந்து தொடங்கிப் பதினெட்டாம் நூற்றாண்டு கடந்தும் பின்தொடர்ந்து சென்று, 1936-இல் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். 1969-இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த குவென்டின் ஸ்கின்னர் அவ்விதமான முறையைக் கடுமையாகத் தாக்கி, ஒரு நூலாசிரியன் எழுதும்பொழுது யாரை மறுத்தான், யாரைக் கேலி செய்தான், எதற்கு நியாயம் கற்பித்தான் என்று அறியாமல், நூலை மட்டும் எத்தனை முறை ஓதினாலும் பொருள் விளங்காது என்று வாதித்தார். இவ்விருவருக்கும் இடையில் நின்றவர் ஆக்ஸ்போர்டு தத்துவ ஆசிரியர் காலிங்வுட். நம் விஷயத்துக்கு மிகவும் வேண்டியவர் அவரே.

ஒரு வாக்கியத்தின் பொருளை அறிய வேண்டுமானால், அது எந்தக் கேள்விக்கு விடையாகச் சொல்லப்பட்டது என்பதை முதலில் கண்டறிய வேண்டும் என்பது காலிங்வுட்டின் சித்தாந்தம். அந்த எண்ணம் அவருக்கு ஆக்ஸ்போர்டு நூல்நிலையத்திலே உதயமாகவில்லை. முதல் உலக யுத்த காலத்தில் அவர் இலண்டனிலே கடற்படை இலாகாவில் உத்தியோகம் பார்த்தார். அலுவலகத்துக்கு நடந்து செல்லும் வழியிலே நாள்தோறும் ஆல்பர்ட் நினைவுச் சின்னம் என்னும் கட்டடத்தைக் காண நேர்ந்தது. அதன் அவலட்சணம் அவருக்குச் சகிக்கவில்லை. அறிவுள்ள ஒரு சிற்பி இப்படி ஒன்றைக் கட்டினான் என்றால், அவன் செய்ய நினைத்ததற்கும் நான் எதிர்பார்ப்பதற்கும் ஏதோ வித்தியாசம் இருக்க வேண்டுமே என்று நடந்துகொண்டே யோசித்ததன் பலனாகத்தான் அந்தச் சித்தாந்தம் உருவாயிற்று என்று 1939-இல் வெளிவந்த சுயசரிதையில் அவரே சொல்கிறார். உத்தியோகத்துக்குப் போகிற வழியிலே பிறந்த தத்துவம் அது. திருநெல்வேலிக்கும் செங்கோட்டைக்கும் இடையே ஓடுகிற பாசஞ்சர் ரயிலிலே காலையிலும் மாலையிலும் பிரயாணம் செய்கின்ற நம் அன்பர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

காலிங்வுட் சொன்னதைக் கேட்டு நாம் வியப்படைய வேண்டிய அவசியமும் இல்லை. இங்கிருந்து வெகு தூரமில்லாத விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்து, திருவாவடுதுறை ஆதீனத்திலே விளங்கி, 1785-இல் மறைந்த சிவஞான முனிவரைப் படித்தவர்களுக்கு அது பழக்கமான நெறி. ஆசங்கையை எழுப்பி, அதன்பிறகே சமாதானத்தைச் சொல்வது நம் உரையாசிரியர்களின் சம்பிரதாயம். வைத்தியநாத தேசிகருடைய இலக்கண விளக்கத்தை எதிர்த்து ‘இலக்கண விளக்கச் சூறாவளி’. சிவஞான சித்தியாருக்கு ஞானப்பிரகாசர் செய்த உரையை எதிர்த்து ‘சிவசமவாதவுரை மறுப்பு’. இப்படி முனிவருடைய நூல்களிலே சில, எதிராளியின் முகத்தைப் பார்த்து எழுதப்பட்டவை. அந்த எதிராளி யார், அவன் சொன்னது என்ன என்று தெரியாமல் ‘சூறாவளி’யை மட்டும் படிக்கின்றவனுக்கு, ஒரு பெரியவர் காரணமில்லாமல் கோபிக்கிறார் என்றுதான் தோன்றும். முனிவருடைய சிவஞான மாபாடியத்தை இன்று சமய நூலாகப் போற்றுகிறோம். பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழகத்தின் அறிவுப் போர்களைக் காட்டும் சரித்திர ஆதாரமாக அதை வாசிக்கின்ற முயற்சி இன்னும் போதிய அளவு நடைபெறவில்லை என்பது என் அபிப்பிராயம்.

இனி, உத்தியோகத்தையும் இந்த ஆராய்ச்சியையும் ஒருங்கே நடத்தினவர்களைப் பார்ப்போம். சம்பளம் பெறும் ஆராய்ச்சியாளர் என்ற ஜாதியே தோன்றுவதற்கு முன்னால் தமிழ்நாட்டில் இத்துறைக்கு அஸ்திவாரம் போட்டவர்கள் அனைவரும் வேறு பிழைப்பு உடையவர்களே. ‘ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகட்கு முற்பட்ட தமிழகம்’ என்று நாம் தமிழிலே குறிப்பிடுகின்ற ஆங்கில நூலை 1904-இல் வெளியிட்ட கனகசபைப் பிள்ளை தபால் இலாகாவில் அதிகாரி. சிவஞான போதத்தை 1895-இல் ஆங்கிலப்படுத்தி, இரண்டு ஆண்டுகளுக்குப் பின் ‘சித்தாந்த தீபிகை’ என்ற பத்திரிகையையும் தொடங்கிய நல்லசாமிப் பிள்ளை ஜில்லா முன்சீப். சி. வை. தாமோதரம் பிள்ளை நீதிபதி. இடையன்குடியில் இருந்துகொண்டு திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-இல் வெளியிட்ட கால்டுவெலுக்கும் சபைப் பணிதான் உத்தியோகம்.

இந்த வரிசையில் நான் சற்று நின்று பேச விரும்புவது சுந்தரம் பிள்ளையைப் பற்றி. நம் பல்கலைக்கழகம் மனோன்மணீயத்தின் ஆசிரியர் என்ற முறையில்தான் அவர் பெயரைத் தாங்கி 1990-இல் தோன்றியது. நம்முள் பெரும்பாலோர் அவரை நாடகத்தோடு நிறுத்திவிடுகிறோம். அவர் திருவனந்தபுரத்தில் தத்துவம் கற்பித்த ஆசிரியர். சரித்திரம் அவர் வாங்கிய சம்பளத்தில் அடங்காத வேலை. அக்காலத்திலே, சம்பந்தரால் சைவனாக்கப்பட்ட கூன் பாண்டியனும், மார்க்கோ போலோ குறிப்பிடுகின்ற சுந்தர பாண்டியனும் ஒருவனே என்று கொண்டு, சம்பந்தரைப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிலே நிறுத்தியிருந்தார் கால்டுவெல். இன்றைய கணக்கின்படி பார்த்தால், சம்பந்தர் சரித்திரத்தைப் பாடிய சேக்கிழாருக்குச் சம்பந்தர் பேரப்பிள்ளை முறை ஆகிவிடுவார்! பிஷப்பினுடைய புகழுக்கு அஞ்சிப் பலரும் மௌனமாக இருந்த அந்த விஷயத்தை எடுத்து, யார் யாரைக் குறிப்பிடுகிறார், யாருக்குப் பின் யார் வருகிறார் என்று நூல்களையும் கல்வெட்டுகளையும் ஒன்றோடொன்று மோதவிட்டு, சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டுக்குப் பிற்பட்டவராக இருக்க முடியாது என்று நிறுவினார் சுந்தரம் பிள்ளை. ஒரு தேதியைத் திருத்தியது மட்டுமா அவர் செய்தது? சமணமும் பௌத்தமும் வலுவிழந்தது எப்பொழுது, பக்தி என்னும் பேரெண்ணம் எழுந்தது எந்த அரசியல் சூழலிலே, சங்கரரும் இராமானுஜரும் அதற்கு முன்னா பின்னா என்று தென்னாட்டுச் சிந்தனையின் வரிசை முழுவதுமே அந்த ஒரு திருத்தத்தால் இடம் மாறி அமர்ந்தது. அவர் 1897-இல் நாற்பத்திரண்டு வயதிலே மறைந்தார். ஓய்வு பெற்ற பிறகு ஆராய்ச்சி செய்யலாம் என்று காத்திருப்பவர்களுக்கு வேறு செய்தி வேண்டுவதில்லை.

அவருடைய நாடகத்தை 1922-இல் பதிப்பித்த வையாபுரிப் பிள்ளையும் அப்பொழுது வழக்கறிஞர். திருவனந்தபுரத்திலும் திருநெல்வேலியிலும் கோர்ட்டுக்குப் போய்வந்தவர் 1926-இல்தான் தமிழ் லெக்ஸிகன் பதிப்பாசிரியராகச் சென்னைக்குச் சென்றார். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்கின்ற வக்கீலின் குணம் அவர் எழுத்திலே கடைசிவரை மறையவில்லை. தொல்காப்பியத்துக்கும் திருக்குறளுக்கும் அவர் விதித்த காலம் மிகவும் பிந்தியது என்று தமிழுலகம் அவர்மேல் சினந்தது. எனக்கும் அவருடைய முடிவுகள் பலவற்றிலே உடன்பாடு இல்லை. ஆனால், அவரை மறுப்பவன் வசைபாடித் தப்ப முடியாது, ஆதாரத்தோடுதான் வரவேண்டும் என்ற நிலைமையை உண்டாக்கினாரே, அது சாதாரண உபகாரமா?

இவ்வளவையும் சொல்லிவிட்டு, “அவர்கள் செய்தார்கள், நீங்களும் செய்யுங்கள்” என்று முடித்துவிட்டால் அது நியாயமாகாது. அந்த முன்சீப்புகள் வீட்டிலே அடுப்பை யாரோ எரித்தார்கள். குழந்தைகளை யாரோ கவனித்தார்கள். அந்த யாரோ எழுதிய ஆராய்ச்சி நூல் ஒன்றும் நம் கைக்கு வரவில்லை. இன்று கீழப்பாவூரிலிருந்து ஓர் ஆசிரியை, காலையிலே சமையலை முடித்து, பஸ் ஏறிப் பள்ளிக்குப் போய், மாலையில் திருத்த வேண்டிய நோட்டுக் கட்டோடு திரும்பி வருகிறார். அவருக்கு ராத்திரி ஒன்பது மணிக்குமேல் கிடைக்கின்ற அவகாசமும், கனகசபைப் பிள்ளைக்குக் கிடைத்த அவகாசமும் ஒன்றல்ல. பகுதிநேரப் படிப்பைப் பற்றி உபதேசம் செய்கின்ற ஆண்கள் இதை நினைவில் வைத்துக்கொண்டு பேசுவது நல்லது.

ஸ்தாபனங்களும் இந்தச் சிரமத்தை ஒருபுறம் குறைத்து மறுபுறம் கூட்டுகின்றன. இலண்டனிலே தொழிலாளர்களுக்கென்று 1823-இல் தோன்றிய ஒரு கல்விக் கழகம், பிற்காலத்தில் பிர்க்பெக் என்ற பெயரோடு பல்கலைக்கழகத்தின் உறுப்பாகி, மாலை வகுப்பையே தன் விரதமாகக் கொண்டு நடந்துவந்திருக்கிறது. நம் நாட்டில் அந்த இடத்தை நிரப்பியது தபால் வழிக் கல்வி. மதுரைப் பல்கலைக்கழகமும் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் அஞ்சலிலே அனுப்பிய பாடக் கட்டுகளால் பட்டம் பெற்ற குடும்பங்கள் தென் ஜில்லாக்களில் எத்தனையோ. 1985-இல் இந்திரா காந்தி பெயரால் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002-இல் தமிழ்நாட்டுக்கென்று ஒன்றும் வந்தன. ஆனால் சிந்தனைச் சரித்திரம் என்ற பெயரிலே தனி முதுகலையை இங்கே காண்பது அரிது. சரித்திரம், தமிழ், தத்துவம் ஆகிய ஏதேனும் ஒன்றில் எம்.ஏ. சேர்ந்து, அதற்குள்ளே தன் கேள்வியைத் தானே நட்டு வளர்க்க வேண்டியிருக்கிறது. அதற்குமேல் முனைவர் பட்டத்தைப் பகுதிநேரமாகச் செய்யலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகள் அதை அனுமதிக்கின்றன. வேலை பார்க்கும் இடத்திலிருந்து ஆட்சேபணை இல்லை என்ற சான்று வேண்டும். குறைந்தது மூன்று ஆண்டு, சாதாரணமாக ஆறு ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். அதே விதிகள் எம்.ஃபில். பட்டத்தை எடுத்துவிட்டன. பள்ளி ஆசிரியர்கள் ஒரு சிறு பொருளை எடுத்து ஆராய்ச்சி பழகுவதற்கு அது நல்ல படிக்கட்டாக இருந்தது. அதை நீக்கியது எனக்குச் சரியாகப் படவில்லை.

நூல்கள் கிடைக்கவில்லையே என்பது பழைய முறையீடு. இன்று அதற்கு அவ்வளவு இடமில்லை. விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வீட்டிலே சேர்த்துவைத்த புத்தகங்களும் பத்திரிகைகளும் அவர் காலத்துக்குப் பின் சென்னையில் பெரிய ஆராய்ச்சி நூலகமாகியிருக்கின்றன. பழைய அச்சுப் பிரதிகள் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலே கைபேசியைக் கொண்டே படிக்கலாம். பகுதிநேர மாணவனுக்கு உண்மையில் இல்லாத பொருள் புத்தகமும் அன்று, காலமுங்கூட அன்று. அவன் எழுதியதைப் படித்து, “இது தவறு, இந்த ஆதாரம் போதாது” என்று நேருக்கு நேர் சொல்கின்ற எதிராளிதான். முழுநேர மாணவனுக்கு விடுதியிலும் காண்டீனிலும் அப்படிப்பட்டவர்கள் தாமாகவே வாய்க்கிறார்கள். தபாலில் படிக்கின்றவனோ, தன் எண்ணத்தைத் தானே பாராட்டிக்கொண்டு வருஷக்கணக்காக இருந்துவிடக்கூடும். சிந்தனைகள் வாதத்திலே பிறக்கின்றன என்று கற்பிக்கும் ஒரு துறையை வாதிப்பார் இல்லாமல் கற்பது எவ்வளவு விபரீதம்!

இந்த ஆபத்தை நன்கு அறிந்து அதற்குப் பரிகாரமும் கண்டவர் நம் நாங்குநேரி நா. வானமாமலை. 1917-இல் பிறந்து 1980-இல் மறைந்த அவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியர் பதவி வகித்தவர் அல்லர். ஆசிரிய உத்தியோகத்தை விட்டபின், பாளையங்கோட்டையிலே தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திக் குடும்பத்தைக் காத்தார். பரீட்சையில் தோற்ற பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டே அவர் 1967-இல் நெல்லை ஆய்வுக் குழுவைத் தொடங்கினார். இரண்டு ஆண்டு கழித்து ‘ஆராய்ச்சி’ என்ற பத்திரிகையும் வந்தது. ஆசிரியர்களும் அலுவலர்களும் மாணவர்களும் கூடி, ஒருவர் கட்டுரை படிக்க, மற்றவர்கள் அதைக் கிழித்து ஆராய்ந்து, தேறியதை அச்சுக்கு அனுப்புவது என்ற அந்த ஏற்பாட்டினால் எத்தனை பேர் ஆராய்ச்சியாளர்களானார்கள் என்பதை இந்த ஜில்லா அறியும். கட்டடம் இல்லை, மானியம் இல்லை, பட்டமும் இல்லை.

அவர் செய்த ஆராய்ச்சிக்கு ஓர் உதாரணம் மட்டும் சொல்கிறேன். உங்களுக்குக் கதை தெரியும். பாபநாசத்துக்கு மேலே சொரிமுத்து ஐயனார் கோயிலில் பட்டவராயனுக்குச் செருப்பைக் காணிக்கையாகச் செலுத்துகிறோமே, அந்த முத்துப்பட்டன் பிராமணன். வாலப்பகடையின் பெண்களாகிய பொம்மக்கா, திம்மக்கா இருவர்மேலும் காதல்கொண்டு, குடுமியையும் பூணூலையும் அறுத்து, செருப்புத் தைத்துக் கொடுத்து மணம் புரிந்து, மாடு திருட வந்தவர்களோடு போரிட்டு மடிந்தவன். வில்லுப்பாட்டிலே இந்தக் கதை வழங்குகின்ற பாடங்களைச் சேர்த்துப் பார்க்கும்பொழுது, அந்தப் பெண்கள் உண்மையில் பிராமண வீட்டிலே பிறந்தவர்கள், காட்டிலே கிடந்தவர்களைப் பகடை எடுத்து வளர்த்தான் என்று சேர்த்துப் பாடுகிற பாடங்களும் இருப்பதைக் காண்கிறோம். இலக்கிய ரசிகன் இதைக் கதைச் சுவைக்காகச் சேர்த்த திருப்பம் என்று விட்டுவிடுவான். நா. வானமாமலை இதிலே ஒரு சமூகம் தன்னை உறுத்திய எண்ணத்தை எப்படிச் சமாதானப்படுத்திக்கொண்டது என்பதைக் கண்டார். ஏட்டிலே எழுதிய பண்டிதனுக்கு மட்டுமே சிந்தனை உண்டு என்ற மேனாட்டுத் துறையின் நெடுநாள் குறைபாட்டை, உடுக்கையும் குடமும் அடிக்கின்ற கலைஞனுடைய பாடபேதத்தைக் கொண்டு திருத்திய காரியம் இது. அவருடைய மார்க்சியக் கொள்கை சில இடங்களில் ஆதாரத்தை முந்திக்கொண்டு ஓடுகிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ‘தமிழர் பண்பாடும் தத்துவமும்’ என்ற நூலை எடுத்து நீங்களே தீர்ப்புச் செய்துகொள்ளுங்கள்.

ஆகவே, பல்கலைக்கழகத்தில் விண்ணப்பம் போடுவதற்கு முன் நாலு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒத்த கருத்துடையவர்களாக இருந்தால் பயனில்லை. பொருளைச் சிறிதாக எடுத்துக்கொள்ளுங்கள். ‘தமிழர் தத்துவ வரலாறு’ என்று தலைப்பிட்டால் ஆறு ஆண்டில் முகவுரைகூட முடியாது. மூலத்தின் மொழியை அறியாமல் மொழிபெயர்ப்பை நம்பி இறங்காதீர்கள்; வடமொழியோ கிரந்த எழுத்தோ ஏடு வாசிக்கும் பழக்கமோ வேண்டியிருந்தால் முதல் ஆண்டை அதற்கே கொடுத்துவிடுங்கள். அந்த ஒரு வேலை மட்டும் அரைகுறை நேரத்தில் விரைவாக வராது.

பொருள் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். குற்றாலத்துக்குப் போங்கள். வக்கீல் படிப்புப் படித்து, அறநிலையத் துறையிலே உத்தியோகம் பார்த்து, வண்ணார்பேட்டை வீட்டு வட்டத் தொட்டியிலே நண்பர்களைக் கூட்டிக் கவிதையை அனுபவித்து, பின்னாட்களில் குற்றாலத்திலே வாழ்ந்து 1954-இல் மறைந்த ரசிகமணி டி.கே.சி., கம்பராமாயணத்தில் எத்தனையோ பாட்டுக்களைக் கம்பன் பாடியவை அல்ல என்று தள்ளிவிட்டுத் தாம் தேர்ந்தவற்றையே அச்சிட்டார். ஏட்டுச் சான்றைக் கொண்டு அவர் தள்ளவில்லை. கவி என்றால் இன்னதுதான் என்று உள்ளத்திலே வைத்திருந்த ஓர் அளவுகோலைக் கொண்டு தள்ளினார். அந்த அளவுகோல் அவருக்கு எங்கிருந்து வந்தது? ஆங்கிலக் கவிதையைப் படித்ததனாலா, குற்றாலக் குறவஞ்சி போன்றவற்றில் தோய்ந்ததனாலா, தமிழிசை இயக்கத்தின் உணர்ச்சியினாலா? சொல் அலங்காரத்தையே பாண்டித்தியம் என்று மதித்த எந்தப் பண்டிதர்களுக்கு விடையாக அவர் அப்படிச் செய்தார்? அவருடைய கடிதங்களும் கட்டுரைகளும் அச்சிலே இருக்கின்றன. அவர் விட்டுவிட்ட பாட்டுக்களைப் பழைய பதிப்புகளோடு ஒப்பிட்டு ஒரு பட்டியல் போடலாம். அதற்குச் சென்னைக்கும் போக வேண்டாம், சீமைக்கும் போக வேண்டாம்.

உங்களுள் ஒருவர் இந்தக் கட்டுரையை எழுதி, வருகிற ஆனி மாதத்துக்குள் இதே இடத்தில் படிக்கட்டும். டி.கே.சி. செய்தது நியாயமே என்ற கட்சியை அவர் எடுத்துக்கொள்வாரானால், எதிர்க்கட்சியிலே முதல் பெயராக என்னுடையதை எழுதிக்கொள்ளுங்கள். அவர் தள்ளிவைத்த பாட்டுக்களிலே எனக்குப் பிரியமானவை சில உண்டு.